இரவில் கறுப்புத் துணி தைக்க அம்மா சிரமப்படுகிறார்: மெஷினுக்கு எந்த லைட் வாங்கலாம்?

ஊசிமுனை:
வணக்கம். அம்மாவுக்கு 56 வயது, வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். வீட்டு வேலையெல்லாம் முடித்து மெஷினில் உட்கார இரவு ஏழு மணி தாண்டிவிடும். பத்துக்குப் பத்து அறை. 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் அவர் முதுகுப்பக்கச் சுவரில் இருக்கிறது. கறுப்பு, மெரூன் துணி வந்தால் நூல் கோப்பதற்கே பெரும்பாடு. தையல் பிரிக்கும்போது நூலோடு துணியும் கிழிந்துவிடுகிறது. போன வாரம் அரக்கு நிறப் புடவைக்கு ஃபால்ஸ் வைத்தார். இரவில் பார்த்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது, காலையில் வாசலில் விரித்துப் பார்த்தால் வேறு நிறம். டியூப்பை 40 வாட்டாக மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். அது போதுமா? ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். வாடகை வீடு என்பதால் சுவரில் துளை போட முடியாது.

வயர்மேன்:
40 வாட் வேண்டாம். வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்வரை அம்மாவின் தலை நிழல் ஊசி மேல்தான் விழும். எத்தனை வாட் போட்டாலும் அந்த நிழல் நகராது.

கணக்கும் அப்படித்தான். 20 வாட் டியூப் ஏறக்குறைய 2000 லூமன் (விளக்கு வெளியே விடும் மொத்த வெளிச்சம்) தரும். அறை முழுக்கப் பரவி மெஷின் பலகைக்கு வந்து சேரும்போது 100, 150 லக்ஸ் (ஓர் இடத்தில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு) மிஞ்சினால் அதிகம். தையல் வேலைக்கு ஐரோப்பிய விளக்குத் தரநிலை கேட்பது 750 லக்ஸ். டியூப்பை இரட்டிப்பாக்கினாலும் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரு பல்பைத் துணிக்கு அருகில் கொண்டுவந்தால் கதையே வேறு: தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. 7 வாட் பல்பு, வெளிச்சத்தைக் கீழே திருப்பும் கூண்டு வைத்து, துணிக்கு ஒன்றரை அடி மேலே இருந்தால் ஏறக்குறைய அந்த 750 கிடைத்துவிடும்.

மேசை விளிம்பில் இறுக்கி மாட்டுகிற, கை வளையும் விளக்கு வாங்குங்கள். சுவரைத் தொடவே வேண்டாம். மெஷினின் கை ஊசிக்கு வலப்பக்கம் இருப்பதால் விளக்கை இடப்பக்கம், கொஞ்சம் முன்னால் வையுங்கள். டியூப்பும் எரியட்டும். அறை இருட்டாக இருந்து துணி மட்டும் பளிச்சென்று இருந்தால், நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கண் சோர்ந்துபோகும்.

பாபின்கேஸ்:
நானும் பல வருடமாக பிளவுஸ் தைப்பவள்தான் தம்பி. வயர்மேன் சொன்னதோடு இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். கறுப்புத் துணியில் கறுப்புத் தையலைப் பிரிக்கும்போது வெளிச்சம் மேலிருந்து வரக் கூடாது. விளக்கைத் தாழ்த்தி, துணியை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு தையலுக்கும் குட்டி நிழல் விழும். நூல் துணியை விட்டு எழும்பி நிற்பது தெரியும், பிரிப்பானை அதன் அடியில் விட்டால் துணியில் படாது. பட்டுத் துணிக்கும் விளக்கு பக்கவாட்டில் இருப்பதே நல்லது. நேர் மேலே இருந்தால் பளபளப்புத்தான் தெரியும், தையல் கோடு தெரியாது.

நூல் கோக்கும்போது ஊசிக்குப் பின்னால் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தால் கறுப்பு நூல் உடனே கண்ணில் படும்.

மெஷினிலேயே காந்தத்தில் ஒட்டும் சின்ன விளக்கும் விற்கிறார்கள். வாங்கினால் வயர் சக்கரத்தின் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிமுனை:
ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஃபால்ஸ் நிறம் மாறித் தெரிந்ததற்கு என்ன காரணம்? டியூப் பெட்டியில் 6500 கே, கூல் டேலைட் என்றுதான் போட்டிருக்கிறது.

மேட்சிங்சென்டர்:
இது எங்கள் தினசரிப் பாடு. அந்த 6500 கே, அதாவது கெல்வின், என்பது வெள்ளை எவ்வளவு நீலமாகத் தெரியும் என்பதைத்தான் சொல்கிறது. நிறங்களை உள்ளபடி காட்டுமா என்பதற்கு சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பார்க்க வேண்டும், உச்சம் 100. வீட்டு எல்.இ.டி.க்கள் பெரும்பாலும் 80 சொச்சம். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரிதான், அடர் சிவப்பு அதில் சேராது. அதை ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். 80 உள்ள பல்பில் அது பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கும். அதனால் அரக்கு, மெரூன், குங்குமச் சிவப்பு எல்லாம் ஒரே மாதிரி மங்கித் தெரியும்.

இன்னொன்று: புடவைக்கும் ஃபால்ஸுக்கும் சாயம் வேறு வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு சாயம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். நாங்கள் துணியை வாசலுக்கு எடுத்துப்போய்க் காட்டுவது அதனால்தான். புது பல்பு 90க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ளதாக, 4000 கெல்வினில் வாங்குங்கள். பெட்டியில் எண் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். நல்ல பல்பு வந்தாலும் ஃபால்ஸ், நூல் தேர்வைப் பகலிலேயே முடித்துவிடுவதுதான் நல்லது.

பாபின்கேஸ்:
அம்மா கண்ணைச் சோதித்து எவ்வளவு நாளாகிறது தம்பி? வெள்ளெழுத்து இருக்கிற வயது. 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் 20 வயதுக் கண்ணோடு பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணுக்கும் ஊசிக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். பேப்பர் படிக்கிற தூரமும் மெஷின் தூரமும் ஒன்றல்ல. புரை இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

ஊசிமுனை:
மேசையில் மாட்டும் விளக்கும் 7 வாட் பல்பும் வாங்கிவிட்டேன், பட்ஜெட்டுக்குள் அடங்கியது. நேற்று இரவு கறுப்பு லைனிங்கைப் பிரித்தார், ஒரு இடம்கூடக் கிழியவில்லை. கண் பரிசோதனைக்குச் சனிக்கிழமை கூட்டிப்போகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். கண்ணாடியில் பல்பு பட்டுக் கூசுகிறது என்கிறார். அப்புறம், போன் கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது. இது சரியா?

வயர்மேன்:
கூச்சம் சுலபம். அம்மா உட்கார்ந்திருக்கும்போது கூண்டின் கீழ் விளிம்பு அவர் கண் மட்டத்துக்குக் கீழே வரும்படி தாழ்த்துங்கள். பல்பு அவர் கண்ணில் படவே கூடாது, வெளிச்சம் விழுந்த துணிதான் தெரிய வேண்டும்.

பட்டை ஓடுவது பல்பு அணைந்து அணைந்து எரிவதால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான டிரைவர் (பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் சின்ன சர்க்யூட்) இருந்தால் பல்பு வினாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். மெஷின் வேகமாக ஓடும்போது சக்கரம் நின்றுவிட்டது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ தோன்றும், கை வைத்துவிடுவார்கள். டியூப்பை அணைத்துவிட்டு, கேமராவைப் புது பல்பின் பக்கம் மட்டும் காட்டிப் பாருங்கள். அப்போதும் அடர்த்தியான பட்டை ஓடினால், பில்லோடு போய் வேறு கம்பெனி பல்பாக மாற்றிக் கேளுங்கள். கடையிலேயே எரியவைத்து, கேமராவில் பார்த்துவிட்டு வாங்கி வாருங்கள்.