அப்பிள் நிறுவனம் வீடியோ கேம் துறைக்கு உண்மையாகவே வருகிறதா?

கேள்வி: கொக்குவிலூரான்

அப்பிள் நிறுவனம் ஆண்டுதோறும் யூன் மாதத்தில் மென்பொருளாளருக்காக நடத்தும் மாநாட்டில் வீடியோ கேமுக்கும் தொடர்ந்து இடம் ஒதுக்கப்படுவதை இங்குள்ள பலரும் கவனித்திருப்பீர்கள். 2022இல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் மக் கணினிக்கு வருகிறதென்று அறிவித்தார்கள். 2023இல் ஜப்பானின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஹிடியோ கொஜிமாவே அந்த நிகழ்வில் தோன்றி, தமது டெத் ஸ்ட்ரான்டிங்கை மக்குக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். 2025 மே மாதத்தில் ராக்7 என்ற சிறிய கனேடிய ஸ்டூடியோவை அப்பிள் வாங்கிய செய்தி வந்தது. யூலையில் சைபர்பங் 2077 மக்கில் வெளியானது. செப்டெம்பரில் ஐபோனிலும் மக்கிலும் கேமுக்கென்றே தனிச் செயலி ஒன்று வந்து சேர்ந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர்கள், பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் போட்டியாக அப்பிள் தன் பெயரிலேயே ஒரு விளையாட்டுச் சாதனத்தை வெளியிடக்கூடும் என்றுகூட ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்துக்கு எவ்வளவு அடிப்படை இருக்கிறது?

எனக்கு இது வெறும் ஆர்வத்தால் எழுந்த கேள்வி அல்ல. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் என் அக்காவின் மகன் கேம் உருவாக்கத்தைத் தொழிலாகக் கற்க விரும்புகிறான். ரொறன்ரோவில் இருக்கும் அவனுடைய சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மடிக்கணினி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மக்புக்கா, அதே விலையில் தனிக் கிராபிக்ஸ் கார்ட் உள்ள விண்டோஸ் மடிக்கணினியா என்பதை நாங்கள்தான் தீர்மானித்துச் சொல்லவேண்டும். அப்பிள் உண்மையாகவே இந்தத் துறைக்கு வருகிறதென்றால், அவன் அங்கே தொடங்குவது நல்லதென்று எனக்குத் தோன்றுகிறது. விபரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: வடமராட்சியான்

தம்பி, அப்பிளுக்கும் வீடியோ கேமுக்கும் இடையிலான உறவு அந்த நிறுவனத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே வருவது. 1977இல் வெளிவந்த அப்பிள் 2 கணினியில் வண்ணமும் ஒலியும் விளையாட்டுக் கட்டுப்பாடுகளும் இடம்பெற்றதற்கு, அட்டாரியின் பிரேக்அவுட் விளையாட்டை அதில் ஓடவைக்கவேண்டும் என்ற தமது ஆசை ஒரு முக்கிய காரணம் என்று அதை வடிவமைத்த ஸ்டீவ் வொஸ்னியாக் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படித் தொடங்கிய நிறுவனம் பிறகு இந்தத் துறையை எப்படி நடத்தியது என்பதைப் பார்த்தால்தான் இன்றைய அறிவிப்புகளை எடைபோட முடியும்.

1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனத்துடன் சேர்ந்து பிப்பின் என்ற விளையாட்டுச் சாதனத்தை அப்பிள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் விலை 599 டொலர். ஏறத்தாழ 42,000 மட்டுமே விற்றதாகச் சொல்லப்படுகிறது. ஸ்டீவ் ஜொப்ஸ் 1997இல் திரும்பி வந்தபின் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது. 1999 யூலையில் அதே ஜொப்ஸ் ஒரு மேடையில் ஹேலோ என்ற புதிய விளையாட்டை மக் கணினியில் பெருமையுடன் காட்டினார். அடுத்த ஆண்டே மைக்ரோசொப்ட் அதை உருவாக்கிய ஸ்டூடியோவை வாங்கிவிட்டது. 2001 நவம்பரில் ஹேலோ எக்ஸ்பொக்ஸுடன் சேர்ந்து வெளியாகி, அந்தச் சாதனத்தையே நிலைநிறுத்தியது. மக் பயனாளர்கள் அதற்காக 2003 முடியும் வரை காத்திருந்தார்கள்.

இவை பழைய கதைகள் என்று ஒதுக்கலாம். அண்மைக் கால நடவடிக்கைகளை அப்படி ஒதுக்க முடியாது. கேம்கள் பெரிதும் நம்பியிருந்த ஓப்பன்ஜிஎல் என்ற பொது வரைகலைத் தொழினுட்பத்தைக் கைவிடப்போவதாக 2018இல் அப்பிள் அறிவித்தது. 2019 ஒக்டோபரில் வந்த, மக்கின் இயங்குதளமான மக்ஓஎஸின் கற்றலினா பதிப்பு பழைய 32-பிட் மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்தியதால், போர்ட்டல், ஹாஃப்-லைஃப் 2 போன்ற, மக்கில் காசு கொடுத்து வாங்கப்பட்ட எத்தனையோ விளையாட்டுகள் ஒரே மேம்படுத்தலுடன் ஓடாமற்போயின. 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்தபோது இன்டெல் மென்பொருள்களை ஓட்டுவதற்கு ரொசெட்டா 2 என்ற மொழிமாற்றி தரப்பட்டது. அதன் முழுமையான ஆதரவும் மக்ஓஎஸ் 27உடன் முடிகிறதென்றும், அதன்பிறகு பராமரிப்பு நின்றுபோன பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதி மட்டுமே எஞ்சும் என்றும் 2025இல் சொல்லிவிட்டார்கள். மறுபுறம், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய விண்டோஸ் விளையாட்டுகளிற் பெரும்பாலானவை இன்றைய விண்டோஸ் கணினியிலும் சிறிது முயன்றால் ஓடுகின்றன.

ஒரு விளையாட்டை உருவாக்க மூன்று, நான்கு ஆண்டுகளும் பெருந்தொகைப் பணமும் செலவாகின்றன. அதன் வருமானம் வெளியீட்டு வாரத்தோடு முடிவதில்லை, பல ஆண்டுகளுக்குத் தள்ளுபடி விற்பனைகளிலும் வந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை அடித்தளத்தையே மாற்றிவிடும் ஒரு தளத்துக்காக அந்த உழைப்பைச் செலவிட எந்த ஸ்டூடியோவும் தயங்கும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையின் மாதாந்தக் கணிப்பில் மக் பயனாளர் 2 வீத அளவிலேயே நிற்பதும், 2023இல் லினக்ஸ் அவர்களை முந்தியதும் இதன் விளைவுதான். ஆகவே, அப்பிள் மேடையில் எதைப் புதிதாக அறிவிக்கிறது என்பதைவிட, ஏற்கெனவே வந்த எதைத் தொடர்ந்து ஓடவிடுகிறது என்பதை வைத்தே அதன் ஆர்வத்தை நான் அளப்பேன். அந்த அளவுகோலில் ரொசெட்டாவின் அந்த எஞ்சிய பகுதி சிறியதென்றாலும் நல்ல அறிகுறி.

பதில்: திருநெல்வேலி மாணவி

வடமராட்சியான் ஐயா சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் எம்1இற்குப் பிறகு அடிப்படையான ஒரு மாற்றம் நடந்திருக்கிறது என்பதை அவருடைய பதில் கணக்கில் எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கணினி வரைகலையைப் படிப்பவள் என்ற முறையில் அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பு பெரும்பாலான மக்புக்குகளில் இன்டெல் சில்லோடு ஒட்டிய பலவீனமான கிராபிக்ஸ் பகுதிதான் இருந்தது. அத்தகைய கணினிக்காக ஒரு பெரிய விளையாட்டை மாற்றியமைப்பது வீண்செலவாகவே இருந்தது. இப்போது ஐபோன், ஐபாட், மக் மூன்றிலும் ஒரே குடும்பத்துச் சில்லு இருக்கிறது. மூன்றும் மெட்டல் என்ற ஒரே வரைகலை இடைமுகத்தையே பயன்படுத்துகின்றன. 2023 செப்டெம்பரில் வந்த ஏ17 புரோ, ஒக்டோபரில் வந்த எம்3 ஆகிய இரண்டிலும் ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து கணக்கிடும் வசதி வன்பொருளிலேயே சேர்க்கப்பட்டது. சில்லுக் குடும்பமும் இடைமுகமும் ஒன்றாக இருப்பதால்தான் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் போன்ற ஒரு விளையாட்டை ஐபோன் 15 புரோவிலும் வெளியிட முடிந்தது. மக்குக்காக மட்டும் செய்த வேலை என்றால் 2 வீதச் சந்தை. அதே வேலை புதிய ஐபோனுக்கும் ஐபாடுக்கும் பெருமளவு பயன்படும் என்றால் ஸ்டூடியோவின் கணக்கு மாறுகிறது.

இன்னொன்று, நினைவகம். இந்தச் சில்லுகளில் மையச் செயலகமும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரண விண்டோஸ் மடிக்கணினியில் தரவை முதன்மை நினைவகத்திலிருந்து கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்கு நகலெடுக்கவேண்டும். இங்கே அந்தத் தேவை பெரும்பாலும் இல்லை. பிளேஸ்டேஷன் 5உம் இதே முறையிலேதான் அமைந்திருக்கிறது என்பதால், அதற்காக எழுதியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமானது அல்ல.

2023இல் வெளியான கேம் போர்ட்டிங் டூல்கிட் என்ற கருவித்தொகுதியையும் இங்கே குறிப்பிடவேண்டும். விண்டோஸ் விளையாட்டு டைரக்ட்எக்ஸ் 12 என்ற விண்டோஸ் வரைகலை இடைமுகத்தின் வழியாக விடுக்கும் கட்டளைகளை அது அந்த நேரத்திலேயே மெட்டல் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. தங்கள் விளையாட்டு மக்கில் எப்படி ஓடும் என்பதை ஒரு வரி நிரலைக்கூட மாற்றாமல் ஸ்டூடியோக்கள் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அப்பிள் இதைச் சோதனைக் கருவியாகவே முன்வைத்தது. விற்பனைக்குரிய பதிப்பைத் தனியாக உருவாக்கும்படி எதிர்பார்த்தது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் புரோட்டன் என்ற இதையொத்த மொழிமாற்றியை 2018இலிருந்தே லினக்ஸ் பயனாளரின் கையில் நேரடியாகக் கொடுத்தது. அதன் பலத்தில் 2022இல் ஸ்டீம் டெக் என்ற அவர்களின் கையடக்க விளையாட்டுச் சாதனம் வந்தபோது, யாரும் தனியாக மாற்றியமைக்காத ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் அதில் ஓடின. அப்பிளும் அந்த வழியில் வந்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. திறமையான பொறியியலாளர்கள் செய்த அருமையான வேலை இப்படி அரைவழியில் நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பதில்: கணினித் திருத்துநர்

அண்ணா, நான் நகரில் மடிக்கணினி திருத்தும் வேலை செய்பவன். ஊகங்களைப் பெரியவர்கள் பேசட்டும். வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மக்புக் எயாரில் விசிறி இல்லை. எங்கள் சித்திரை வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில், விளையாட்டோ முப்பரிமாண வேலையோ தொடர்ந்து ஓடினால் அது சூடாகி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறி உள்ள புரோ வகை இதைத் தாங்கும், ஆனால் விலை கூட. எந்த மக்புக்கிலும் நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசிவரை. விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் இங்கேயே மாற்றிக் கொடுக்கலாம். அப்பிள் இலங்கையில் சொந்தக் கடை நடத்துவதில்லை என்பதால், பெரிய பழுது வந்தால் பெரும்பாலும் கொழும்புக்கு அனுப்பவேண்டும்.

மக்புக்கின் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. தனிக் கிராபிக்ஸ் கார்ட் உள்ள விண்டோஸ் மடிக்கணினி மின்னிணைப்பு இல்லாமல் முழு வேகத்தில் ஓடாது, மின்கலமும் விரைவில் இறங்கிவிடும். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில் வேலை செய்தவர்களுக்கு, மக்புக்கின் மின்கலம் எவ்வளவு பெரிய உதவி என்பது தெரியும்.

கொக்குவிலூரான்

அனைவருக்கும் நன்றி. வடமராட்சியான் ஐயா, ஓர் ஐயம். அடித்தளத்தைப் பேணுவதில் அக்கறை இல்லையென்றால், ஸ்டூடியோ வாங்குவது, தனிச் செயலி வெளியிடுவது என்று அப்பிள் ஏன் இவ்வளவு செய்கிறது? விளையாட்டுச் சாதனம் வரும் என்ற ஊகத்தைப் பற்றியும் நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

பதில்: வடமராட்சியான்

காரணம் ஐபோனில் இருக்கிறது, தம்பி. 2020 ஓகஸ்டில் ஃபோர்ட்நைட் விளையாட்டை அப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியதைத் தொடர்ந்து அதை உருவாக்கிய எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2021 செப்டெம்பரில் நீதிபதி இவோன் கொன்சாலஸ் றொஜர்ஸ் அளித்த தீர்ப்பை வாசித்தால் இது தெளிவாகும். செயலிக் கடையின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 70 வீதம் விளையாட்டுகளிலிருந்து வருகிறதென்றும், அதைக் கொடுப்பவர்கள் கடையின் வாடிக்கையாளரில் 10 வீதத்துக்கும் குறைவானவர்கள் என்றும் அதில் பதிவாகியிருக்கிறது. விற்பனையில் 30 வீதம்வரை தரகாகப் பெறும் ஒரு நிறுவனம், கஸ்தூரியார் வீதியில் கடைகளை வாடகைக்கு விட்டிருப்பவரைப் போன்றது: கடைகள் நிறைந்திருக்கவேண்டும் என்பதில் அவருக்கு மெய்யான அக்கறை உண்டு, தாமே வியாபாரத்தில் இறங்கவேண்டிய தேவை இல்லை. எபிக் வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஏப்ரிலில் வந்த உத்தரவு, அமெரிக்காவில் செயலிகள் தமது வாடிக்கையாளரை வெளியே பணம் செலுத்த வழிகாட்டுவதை அப்பிள் தடுக்கக்கூடாது என்று சொன்னது. கட்டாயத்தால் வந்துகொண்டிருந்த வருமானம் ஆட்டம்காணும்போது, கேம் உருவாக்குவோரின் மனத்தை வெல்லவேண்டிய நெருக்கடி எழுகிறது. தனிச் செயலியையும் மேடையில் கிடைக்கும் மரியாதையையும் நான் அந்த வெளிச்சத்திலேதான் பார்க்கிறேன்.

ராக்7ஐ வாங்கியதைப் பெரிதாக எடுக்கவேண்டாம். அது இருவர் நடத்திய ஸ்டூடியோ. அவர்களுடைய ஸ்னீக்கி சாஸ்குவாச் அப்பிள் ஆர்கேட் சந்தாவில் விரும்பி விளையாடப்படுவதால் அதைப் பாதுகாத்துக்கொண்டார்கள். அக்டிவிஷன் பிளிசார்டை வாங்க மைக்ரோசொப்ட் 2023இல் முடித்த உடன்பாட்டின் பெறுமதி 6,870 கோடி டொலர். துறைக்குள் இறங்குவதென்று தீர்மானித்தவர் செய்யும் செலவு அப்படித்தான் இருக்கும்.

விளையாட்டுச் சாதனத்தைப் பொறுத்தவரை, தனிப்பெயரில் ஒன்று வருமென்று நான் நினைக்கவில்லை. இத்தகைய சாதனங்களைப் பலவேளைகளில் குறைந்த இலாபத்தில், சிலவேளை நட்டத்திலும் விற்று, விளையாட்டு விற்பனையில் மீட்டுக்கொள்வது அந்தத் துறையின் வழக்கம். வன்பொருளிலேயே நல்ல இலாபம் வைத்துப் பழகிய அப்பிளுக்கு அது பொருந்தாது. தொலைக்காட்சியோடு இணைக்கும் அப்பிள் டிவி பெட்டிக்குள் வலுவான ஒரு சில்லை வைத்து, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் கட்டுப்படுத்திகளை அது ஏற்கெனவே ஏற்றுக்கொள்வதை முன்னிறுத்தினால் அதுவே போதுமான சாதனமாகிவிடும். வருவதென்றால் அந்த வழியாகத்தான் வரும்.

உங்கள் மருமகனுக்கு விண்டோஸ் மடிக்கணினியையே சொல்லுங்கள். கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டி, கொடோட், முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மூன்றும் இரண்டு வகைக் கணினியிலும் ஓடும் என்றாலும், அன்ரியல் எஞ்சின் என்ற இன்னொரு கேம் மென்பொருளின் கருவிகளும் பெரும்பாலான பாடங்களும் விண்டோஸை மனத்திற்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. ஐபோனுக்கு வெளியிடும் கட்டத்தில் மட்டும் எக்ஸ்கோட் என்ற அப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருள் ஓடும் ஒரு மக் கட்டாயம் தேவை. அப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டொலர் கட்டவும் வேண்டும். கூகிள் பிளேயில் ஒருமுறை கட்டும் 25 டொலரோடு முடிந்துவிடும் என்பதால், முதல் விளையாட்டை அன்ட்ரொய்டில் வெளியிட்டு, அது நாலு பேர் கையில் போய்ச் சேர்ந்த பிறகு பழைய எம்1 மக் மினி ஒன்றைத் தேடினால் போதும்.