கார் மேல் சாமான், டாஷ்போர்டில் விளக்கு: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

திருநெல்வேலியிலிருந்து:

கதவு சரியாகச் சாத்தாவிட்டால் டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. பெல்ட் போடாவிட்டால் சத்தம் வருகிறது. மேலே கட்டிய கயிறு தளர்ந்தால் மட்டும் எந்த விளக்கும் எரியாது. கல்யாணச் சீர், வீடு மாறுதல், மலைப் பயணம் என்று கார் மேல் சுமை ஏற்றுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். அதனால் இரண்டையும் சேர்த்தே பேசலாம்.

நான் பார்த்தது இது. ஆடிக் காற்று நேரம், நாகர்கோவில் போகும் சாலை. முப்பந்தல் காற்றாலைகள் இருக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் எனக்கு முன்னால் ஒரு சின்ன கார், மேலே பெரிய மெத்தை. நடுவில் குறுக்காக ஒரே ஒரு கயிறு. அதையும் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக் கட்டியிருந்தார்கள். லாரியின் மறைவில் போகிற வரை ஒன்றும் தெரியவில்லை. லாரியைத் தாண்டியதும் பக்கக் காற்று மொத்தமாக அடித்தது. மெத்தையின் முன்பக்கம் தூக்கிக்கொள்ள, கார் பக்கத்து லேனுக்கு இழுபட்டது. பின்னால் பைக்கில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். கார் ஓட்டியவர் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலேட்டரை விட்டு, மெதுவாக ஓரம் கட்டினார். அந்த நிதானம்தான் எல்லோரையும் காப்பாற்றியது.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நாலு மடங்காகும். 40-ல் அசையாமல் இருந்த மெத்தை 80-ல் எழும்புவது அதனால்தான். 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு எச்சரிக்கைச் சத்தம் வரும், 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்தும். மேலே சுமை இருக்கும் நாளில் அந்த 80 சத்தம் வராமலே ஓட்டுங்கள். ஆரல்வாய்மொழி போன்ற இடத்தில் அதற்கும் கீழே போங்கள்.

மதுரை, டிராவல்ஸ் ஓட்டுநர்:

அண்ணன் சொன்ன காற்று எங்களுக்கு அவ்வளவாக இல்லை, எங்கள் பிரச்சினை மலை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது, ஒரு வியூ பாயிண்டில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். கார் நிறைய ஆட்கள், மேல் கேரியரில் சூட்கேஸ்கள், அரிசிப் பை, கேஸ் அடுப்பு. "வளைவு வரும்போது மட்டும் சிவப்பா ஒரு விளக்கு மினுக்குது, நேர் ரோட்டுல அணைஞ்சிடுது. பரவாயில்லதானே?" என்று கேட்டார் ஓட்டி வந்தவர். எந்த விளக்கு என்று பார்த்தால், சொட்டு விழுகிற எண்ணெய்க் குவளை படம்.

அந்த விளக்கு ஆயில் பிரஷர் இல்லை என்று சொல்கிறது. அப்படியே ஓட்டினால் இன்ஜின் உள்ளே இறுகி, சுற்றாமல் நின்றுவிடும். எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணைக்க வேண்டியதுதான், அடுத்த ஊர் வரை என்ற பேச்சே கூடாது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தோம், ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. ஆயில் குறைவாக இருந்தால் கொண்டை ஊசி வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும். அவர் கண்டது அதுதான். என் டிக்கியில் இருந்த ஆயில் அவருடைய மேனுவலில் போட்டிருந்த கிரேடாகவே அமைந்தது. ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம், விளக்கு வரவில்லை. மேலே போனதும் ஒர்க்‌ஷாப்பில் கசிவு பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் சீக்கிரம் கவனி. பச்சை, நீலம் என்றால் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல். ஹை பீம் நீலத்தில் எரிவது அப்படித்தான். ஒரு விதிவிலக்கை மறக்காதீர்கள். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். அழுத்தி ஓட்டினால் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும், செலவு பெரிசு.

அன்றைக்கு அரிசிப் பையையும் அடுப்பையும் உள்ளே இறக்கி வைக்கச் சொன்னேன். கனமானது கீழே, லேசானது மேலே. மேலே கனம் கூடினால் வளைவில் வண்டி சாயும், பிரேக் பிடித்தாலும் நிற்க நேரமெடுக்கும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கூரை தாங்குவது 50 முதல் 75 கிலோதான், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். கூரையின் இரண்டு ஓரத்திலும் கம்பி மாதிரி இருப்பதை நம்பிக் கட்டாதீர்கள். பல மாடல்களில் அது அழகுக்கு வைத்தது, சுமை தாங்காது.

கோவையிலிருந்து:

டாஷ்போர்டில் யாரும் தொடாத ஒரு திருகைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங் பக்கத்தில் ஹெட்லைட் படம் போட்டு 0, 1, 2, 3 என்று இருக்கும். சேலம் சாலையில் ராத்திரி ஒரு கார் என் பின்னாலேயே வந்தது, லோ பீமில்தான் வந்தது, ஆனாலும் கண்ணாடி பார்க்க முடியாத அளவுக்குக் கூச்சம். டீக்கடையில் அவரும் நிறுத்தினார். டிக்கி முழுக்க மூட்டை, பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கியிருந்தது. திருகு 0-வில் இருந்தது. சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி 3-க்குத் திருப்பியதும் வெளிச்சம் கண்ணெதிரே இறங்கியது. "சார், இது ஏ.சி. சம்பந்தப்பட்டதுன்னு இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன்" என்றார்.

அப்புறம், டயர் விளக்கு. குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக்குறி போல மஞ்சளில் இருக்கும். அது காற்று குறைந்த பிறகுதான் எரியும். முழு பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருப்பார்கள். கிளம்பும் முன், டயர் சூடாகாத நேரத்தில் அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து:

பொங்கலுக்கு முன்னால் கோயம்பேட்டில் கரும்புக் கட்டைக் கார் மேல் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவர் அப்படி வந்து ரிவர்ஸ் எடுத்தார். சென்சார் வாயைத் திறக்கவில்லை, கரும்பு போய்ப் பின்னால் நின்ற காரின் கண்ணாடியில் இடித்தது. சென்சார் பம்பரில் இருக்கிறது, கேமரா கீழே பார்க்கிறது. கூரையில் நீட்டிக்கொண்டிருப்பது இரண்டுக்கும் தெரியாது. ஆள் இறங்கிப் பின்னால் நின்று சொல்ல வேண்டும்.

சட்டமும் கடுமைதான். சுமை அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். 2019 திருத்தத்தில் வந்தது. இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

ஒரு கேள்வி அண்ணா: பைக்கில் கட்டும் கொக்கி வைத்த ரப்பர் கயிறு போதுமா?

திருநெல்வேலியிலிருந்து:

போதாதும்மா. ரப்பர் இழுபடும், காற்று தூக்கும்போது கூடவே நீளும். தார்ப்பாய் படபடக்காமல் இருக்க மட்டும் அது சரி. சுமையைப் பிடிக்க, பக்கிள் வைத்த நாடாவோ, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட்டோ வேண்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, குறைந்தது இரண்டு. மெத்தை, ஏணி போன்ற நீளமான சாமானுக்கு முன் முனையிலிருந்தும் பின் முனையிலிருந்தும் டோ ஹூக்குக்கு, அதாவது வண்டியைக் கட்டி இழுக்க வைத்திருக்கும் கொக்கிக்கு, தனிக் கயிறு. ஜன்னல் வழியாகக் கட்டினால் கதவு திறக்காது, அவசரத்தில் உள்ளே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். மழையில் கயிறு வழியே தண்ணீரும் இறங்கும். நாடா காற்றில் ரீங்காரம் போட்டால் ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், சத்தம் அடங்கிவிடும். தொங்கும் நுனியைச் சுருட்டி முடிந்துவிடுங்கள். கிளம்பிப் பத்து, பதினைந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். புதிதாகக் கட்டியது அதற்குள் பெரும்பாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.