20 நிமிஷம் கேம் ஓடியதும் எஃப்பிஎஸ் 90லிருந்து 18க்கு விழுகிறது: அடாப்டரா, மதர்போர்டா?

கேமிங் லேப்டாப், 180 வாட் அடாப்டர். சரியாக 20 நிமிஷம் வழுக்கிக்கொண்டு ஓடும் கேம் திடீரென்று தடுமாற ஆரம்பிக்கிறது; எஃப்பிஎஸ் (திரையில் நொடிக்கு வரும் படங்கள்) 18க்கு விழுகிறது.

ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கினாலும் அதே 18தான். கிராபிக்ஸ் கார்டு பயன்பாடும் 30 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆக, கழுத்தைப் பிடிப்பது சிபியு. சூடு 71 டிகிரிதான், ஆனால் கிளாக் (சிபியு ஓடும் வேகம்) 0.79 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொள்கிறது. சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அந்த நொடியே 'ப்ராக்ஹாட்' (அதிகச் சூடு, வேகத்தைக் குறை என்ற சிக்னல்) 'யெஸ்' என மாறுகிறது. சூடு 71தான் என்பதால், சிபியு தானாகச் சூடாகவில்லை. வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதை அடக்கச் சொல்கிறது.

சார்ஜரைக் கழற்றி, ஒரு நிமிஷம் விட்டு மாட்டினால் கிளாக் 4 கிகாஹெர்ட்ஸுக்குத் திரும்புகிறது. பிறகு மறுபடி 20 நிமிஷம். கிராபிக்ஸ் டிரைவரை டிடியு என்ற நீக்கும் டூல் போட்டுத் துடைத்து ஏற்றியாச்சு, பயாஸ் ரீசெட்டும் ஆச்சு, பலனில்லை.

அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்லும் நடு பின் சிக்னல் விட்டுவிட்டு வருகிறதா, போர்டில் விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) பக்கத்து சென்சார் தப்பாகச் சொல்கிறதா? வேறு அடாப்டர் கையில் இல்லாமல், மல்டிமீட்டரை வைத்து இதைப் பிரித்தறிய வழி உண்டா? எந்த இடத்தில் அளக்கணும்?

த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் 'பிடி ப்ராக்ஹாட்' (வெளியிலிருந்து வரும் அந்த சிக்னலை ஏற்கும் வசதி) டிக்கை எடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அது புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுகிற வேலை.