மொறிஸ் மைனர் வால்வ் றேடியோ: வைபிரேற்றர் இரையுது, சத்தம் இல்லை, பியூஸ் போகுது

கேள்வி (கல்லடி)
1956 மொறிஸ் மைனர், 12 வோல்ற். காரோட வந்த வால்வ் றேடியோ, மீடியம் வேவும் லோங் வேவும் மட்டும். டைனமோவைக் கழற்றி ஓல்ரனேற்றர் போட்ட நேரம் பற்றரியையும் மாத்தி, நெகற்றிவ்வை பொடியில பூட்டியிருக்கு (முதல்ல பொசிற்றிவ்தான் பொடியில, பொசிற்றிவ் ஏர்த்). அதுக்குப் பிறகு சுவிச்சைப் போட்டால் வைபிரேற்றர் (பற்றரி கரண்டை வெட்டி ரான்ஸ்போமருக்குக் குடுக்கிற சாமான்) இரையுது, டயல் லைற் எரியுது, வால்வுகள் சிவக்குது, ஸ்பீக்கர்ல மூச்சே இல்லை. அரை நிமிசத்துல 5 அம்பியர் பியூஸ் போயிடுது. உள்ளே நாலு வால்வ்: ஈசிஎச்42, ஈஎஃப்41, ஈபிசி41, ஈஎல்41. 10 அம்பியர் பியூஸ் போட்டுப் பார்க்கலாமா?

பதில் (கல்முனை)
போட வேணாம் தம்பி. இந்த மாதிரி செற் 3, 4 அம்பியர்தான் இழுக்கும். 5 போகுதெண்டால் உள்ளே எங்கயோ ஷோர்ட். பெரிய பியூஸ் போட்டால் எரியப்போறது ரான்ஸ்போமர், அதைத் தேடி எடுக்கிறது கஷ்டம்.

நீங்க எழுதின வால்வ் பட்டியலிலயே விடை இருக்கு. ஈஇசட் என்று தொடங்குற வால்வோ 6எக்ஸ்4 வால்வோ இல்லை. அப்படியெண்டால் ரெக்ரிஃபயர் (ஏசியை டீசியாக்குற) வேலையையும் வைபிரேற்றரே செய்யுது. அதுக்குள்ள ரெண்டு சோடி கொன்ராக்ற்: ஒரு சோடி 12 வோல்ற்றை வெட்டி வெட்டி ரான்ஸ்போமருக்குக் குடுக்கும், மற்றது வெளிய வாற உயர் வோல்ற்றை அதே தாளத்துல டீசியாக்கும். பற்றரியை மாத்திப் பூட்டினால் வெளிய வரவேண்டிய +230 வோல்ற், −230 ஆகிடும். உயர் வோல்ற்றைச் சீராக்குற எலக்ரோலிற்றிக் கொன்டென்சருக்குத் திசை உண்டு, அது தலைகீழா கரண்ட் எடுக்கும், சூடாகும், பியூஸ் போகும். வால்வ் சிவக்குறதை நம்ப வேணாம், ஹீற்றருக்குத் திசை கிடையாது.

ரெக்ரிஃபயர் வால்வ் தனியா இருந்திருந்தால் பற்றரி எந்தப் பக்கம் இருந்தாலும் செற் ஓடியிருக்கும்.

வைபிரேற்றரைக் கழற்றிப்போட்டு, 45 வாற் ஹெட்லைற் பல்ப் ஒன்றை சீரியஸ்ல வைச்சு சுவிச்சைப் போடுங்க. பல்ப் மங்கலா நின்றால் ஹீற்றர் பக்கம் சரி. முழுசா எரிஞ்சால் வயரிங்கிலயே ஷோர்ட்.

கேள்வி (கல்லடி)
பல்ப் மங்கலாத்தான் நிக்குது. இரட்டை எலக்ரோலிற்றிக் (16+16 மைக்ரோ பரட்) தலை உப்பி, அடியில பிசின் கசிஞ்சிருக்கு. காரைத் திரும்ப பொசிற்றிவ் ஏர்த்துக்கு மாத்த ஏலாது, ஓல்ரனேற்றர் இருக்கு.

பதில் (அக்கரைப்பற்று)
காரைத் தொட வேணாம், செற்றை மாத்துங்க. சில செற்றுல வைபிரேற்றரை 180 பாகை திருப்பிச் செருகலாம், பெட்டியில குறியிருக்கும். இல்லாட்டி வைபிரேற்றர் சொக்கெற்றுக்கு வாற செக்கண்டரியின் (ரான்ஸ்போமரின் உயர் வோல்ற் சுற்று) ரெண்டு முனை வயரையும் இடம் மாத்தி ஈயம் பிடியுங்க. நடு வயரைத் தொடாதீங்க. பிரைமரியையும் (12 வோல்ற் பக்கச் சுற்று) சேர்த்து மாத்தினால் பழையபடிதான் வரும்.

அதோட மாத்த வேண்டியது மூன்று சாமான். உப்பின எலக்ரோலிற்றிக்குக்குப் பதிலா 22 மைக்ரோ பரட், 450 வோல்ற் ரெண்டு. 100 போட்டால் நல்லா இருக்குமெண்டு போடாதீங்க, முதல் இழுப்புல கொன்ராக்ற் கருகும். அடுத்தது பஃபர் கொன்டென்சர், செக்கண்டரிக்குக் குறுக்கே நிக்கிறது. இதுதான் வைபிரேற்றரின் உயிர். கொன்ராக்ற் திறக்கிற நேரம் எழும்புற வோல்ற்றை இதுதான் வாங்கும். பழசு கசிஞ்சால் பியூஸ் போகும், பெறுமதி மாறினால் பொறி பறந்து கொன்ராக்ற் குழியாகும். பெறுமதி ரான்ஸ்போமருக்குப் பார்த்து வைச்சது. பழசுல 0.01 மைக்ரோ பரட் என்று இருந்தால் 0.01தான், 1600 வோல்ற்றுக்குக் குறையாத பொலிபுரொப்பிலீன். 630 வோல்ற் போதுமெண்டு கடையில சொல்லுவாங்க, கேட்காதீங்க. மூன்றாவது, ஸ்பீக்கரை ஓட்டுற ஈஎல்41 வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போற முனை) முன் வால்விலிருந்து சிக்னலைக் கொண்டு போற கப்ளிங் கொன்டென்சர், 0.01 மைக்ரோ பரட், 630 வோல்ற்.

வைபிரேற்றர் இரையுதுதானே, திறக்கத் தேவையில்லை. வெளிய கறை மட்டும் இருந்தால் பின்களை 1000 நம்பர் தாளால உரசித் துடையுங்க. கல்லடிக் காத்துல உப்பு ஏறும்.

ஓடவிட முதல் ஸ்பீக்கர் பூட்டியிருக்கா என்று பாருங்க, இல்லாமல் ஓடினால் அவுட்புட் ரான்ஸ்போமர் போகும். நிற்பாட்டின பிறகு 1 கிலோ ஓம், 5 வாற் ரெசிஸ்ரரால எலக்ரோலிற்றிக்கை இறக்கிட்டுக் கை வையுங்க. 230 வோல்ற் அங்க தங்கி நிக்கும்.

கேள்வி (கல்லடி)
செக்கண்டரி வயர் மாத்தினேன், எலக்ரோலிற்றிக்கும் பஃபரும் புதுசு. கப்ளிங் கொன்டென்சர் கடையில கிடைக்கல்ல, பழசுதான். உயர் வோல்ற் இப்ப +215. சத்தம் வருது, ஆனா கரகரப்பு, பத்து நிமிசத்துல ஈஎல்41 தொட ஏலாத சூடு. கிரிட்டுல +3 வோல்ற் காட்டுது.

பதில் (அக்கரைப்பற்று)
நிற்பாட்டுங்க. கிரிட்டுல பொசிற்றிவ் காட்டவே கூடாது, பூச்சியம்தான். பழைய கப்ளிங் கொன்டென்சர் கசியுது. வால்வ் அளவுக்கு மேல கரண்ட் எடுக்குது, கொஞ்ச நாள்ல வால்வும் அவுட்புட் ரான்ஸ்போமரும் சேர்ந்து போகும். அதை மாத்தாமல் ஒரு நிமிசமும் ஓடவிட வேணாம். பழைய சிஆர்ரீ ரீவி போட்டுல 0.01, 630 வோல்ற் நல்லதா கிடைக்கும், அளந்து எடுங்க.

கேள்வி (கல்லடி)
மாத்தினாப் பிறகு கிரிட் 0, சத்தம் தெளிவு. நன்றி காக்கா. இஞ்சின் ஓடினால் மட்டும் ஒரு விசில், அக்சிலரேற்றரோட ஏறுது. கூடவே டிக் டிக்.

பதில் (கல்முனை)
விசில் ஓல்ரனேற்றர், டிக் டிக் இக்னிஷன். ஓல்ரனேற்றரின் பெரிய வயர் முனைக்கும் பொடிக்கும் இடையில 1 மைக்ரோ பரட் சப்ரசர் (இரைச்சலை அடக்குற) கொன்டென்சர். இக்னிஷன் கொயில்ல எஸ்டபிள்யூ முனைக்கு (சுவிச் பக்கம்) இன்னொன்று. சிபி முனையில (டிஸ்ரிபியூற்றர் பக்கம்) பூட்டினால் ஸ்பார்க் கெடும், கவனம். கொயில்லிருந்து டிஸ்ரிபியூற்றர் நடுவுக்குப் போற வயர்ல 10 கிலோ ஓம் சப்ரசரும் போடுங்க.

ஏரியல் வயரை ரீவி கேபிளால நீட்டியிருந்தால் கழற்றுங்க. அதன் கொள்ளளவு கூட, சிக்னலை உள்ளேயே விழுங்கிடும். கார் ஏரியல் கேபிள்தான் வேணும். கடைசியா, ஏரியலை முழுசா இழுத்து, 1400 கிலோ ஹேர்ட்ஸ் பக்கத்துல பலவீனமா வாற நிலையம் ஒன்றைப் பிடிச்சு, ஏரியல் ரிம்மரை (செற்றை ஏரியலுக்குப் பொருத்துற சின்னத் திருகு) மெல்லத் திருப்பிக் கூடுதலா கேட்கிற இடத்துல விடுங்க. இதை இரவுல செய்யுங்க, பகல்ல மீடியம் வேவ் அவ்வளவா எட்டாது. இருட்டினாப் பிறகு 936 கிலோ ஹேர்ட்ஸ்ல திருச்சி வானொலி வருதா என்றும் பாருங்க.