எப்போதும் அதே 143-வது பிளாக்: செக்சம் அனுபவங்கள்

ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்காக யூடிபி (நெட்வொர்க்கில் பாக்கெட் அனுப்பும் ஒரு முறை) அனுப்பும் கோடை நானே சி-யில் எழுதியிருந்தேன். சேமித்த அளவீடுகளை 1024 பைட் பிளாக்குகளாகக் கணினிக்கு அனுப்பும். பதில் வராவிட்டால் அதே பிளாக்கைத் திரும்ப அனுப்பும். பெரும்பாலும் ஒழுங்காக ஓடியது. சில ஃபைல்கள் மட்டும் நடுவில் நின்றுவிடும். ஒரு ஃபைல் 143-வது பிளாக்கில் நின்றால், எத்தனை தடவை முயன்றாலும் அதே 143தான். கேபிளை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன். இது எத்தனையாவது பிளாக் என்று கேபிளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த பிளாக்கில் ஒரு பைட்டை மாற்றினால் போய்ச் சேர்ந்துவிடும். செக்சம் என்பது பாக்கெட் வழியில் கெட்டதா என்று பார்க்க அதோடு போகும் கூட்டெண்; அது பொருந்தாவிட்டால் பெறும் பக்கம் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அந்த இடத்தில் வெறும் 0 வைத்து அனுப்பிப் பார்த்தேன். ஐபிவி4-ல் யூடிபிக்கு 0 என்றால் செக்சம் போடவில்லை என்று பொருள். பெறும் பக்கம் சரிபார்க்காமல் வாங்கிக்கொள்ளும். எல்லா பிளாக்கும் போய்ச் சேர்ந்தன. (அப்படியே விட்டுவிட ஆசை வந்தது உண்மை. நாளைக்கு ஐபிவி6-க்கு மாறினால் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது.)

அப்போதும் செக்சம் ஃபங்ஷனைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. போர்டுக்கு வருகிற பாக்கெட்டுகளைச் சரிபார்ப்பதும் அதே ஃபங்ஷன்தான். அங்கே ஒருநாளும் தப்பு வந்ததில்லை.

கணக்கு எளிதுதான். தரவை 16 பிட் துண்டுகளாகக் கூட்ட வேண்டும், 16 பிட்டைத் தாண்டி வழியும் கேரியை அடியில் சேர்க்க வேண்டும், கடைசியில் எல்லா பிட்டையும் புரட்டிப் போட வேண்டும். நான் 32 பிட் மாறியில் கூட்டிவிட்டு, மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு ஒரே ஒரு தடவை கூட்டியிருந்தேன் (இதைத்தான் மடிப்பு என்கிறோம்). அந்தக் கூட்டலிலேயே இன்னொரு கேரி வரலாம். இந்தக் கணக்கை விளக்க 1988-ல் வந்த ஆர்எஃப்சி 1071 என்ற இணைய ஆவணத்தின் சி மாதிரியில், அந்த இடத்தில் கேரி தீரும்வரை மடிக்கும் ஒரு வைல் லூப் இருக்கிறது. ஒரு தடவை போதாதா என்று அதைத் தூக்கியவன் நான்.

1024 பைட் என்றால் 512 துண்டுகள். தரவு தாறுமாறாக இருந்தால் மேல் பாதியில் சுமார் 256 சேரும். கீழ்ப் பாதி 65536-க்கு அந்த அளவு நெருக்கத்தில் இருந்தால் இரண்டாவது கேரி வந்துவிடும். ஆக, ஏறத்தாழ 256 பிளாக்குக்கு ஒன்று கெடும். சின்ன பாக்கெட்டில் மேல் பாதி பத்தோ பதினைந்தோதான். அதனால்தான் என் சோதனைச் செய்திகள் எல்லாம் தேறிவிட்டன.

போர்டு பெறும்போது ஏன் தப்பு வரவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சரியான பாக்கெட்டை அதன் செக்சமோடு சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 65535-ன் மடங்காக வரும். அப்படிப்பட்ட எண்ணை ஒரே தடவை மடித்தாலே நேராக 65535-ல் வந்து நிற்கும். இரண்டாவது கேரிக்கு அங்கே வேலையே இல்லை.

பதில் 1

எனக்கு மடிப்பு சரியாகத்தான் இருந்தது, காலை வாரியது கம்பைலர். ஐபி முகவரிகள், புரோட்டோகால் எண், நீளம் எல்லாம் கொண்ட போலி ஹெடரை (செக்சம் கணக்கில் மட்டும் சேரும், பாக்கெட்டில் போகாது) ஒரு ஸ்ட்ரக்டில் நிரப்பி, அதை 16 பிட் பாயின்டராக காஸ்ட் செய்து கூட்டினேன். ஆப்டிமைசேஷன் இல்லாமல் சரியான விடை, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவு போட்டால் குப்பை. நடுவில் ஒரு பிரின்ட்எஃப் வைத்தால் மறுபடி சரி! வேறு டைப்பில் எழுதியதை இந்த பாயின்டர் படிக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, நிரப்பும் வரிகளைக் கழற்றிவிட்டிருந்தது. அந்த உரிமை அதற்கு உண்டு, தப்பு என்னுடையது. இப்போது போலி ஹெடரைக் கட்டுவதே இல்லை. ஒவ்வொரு எண்ணையும் நேராகவே கூட்டுகிறேன்.

பதில் 2

எக்ஸ்86 பிராசசரில் கேரியோடு கூட்ட ஏடிசி என்ற கட்டளை இருக்கும்போது மடிப்பெதற்கு என்று அசெம்பிளியில் இறங்கினேன். லூப் எண்ணிக்கையைக் குறைக்க சப் என்ற கழித்தல் கட்டளை போட்டிருந்தேன். அது ஒவ்வொரு சுற்றிலும் கேரி ஃபிளாகை (கேரியை நினைவில் வைக்கும் பிட்) மாற்றி எழுதிவிடும்; ஒன்றைக் குறைக்கும் டெக் அதைத் தொடாது. பாயின்டரை நகர்த்தவும் ஆட் கட்டளை கூடாது, ஃபிளாகைத் தொடாத எல்இஏதான். இதெல்லாம் சரிசெய்த பிறகு, கடைசியில் மிஞ்சும் கேரியைச் சேர்க்க மறந்தேன். அது தனி வயிற்றெரிச்சல்.

பதில் 3

முதல் பதிவரிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கதையைப் படித்துவிட்டு, எல்லா பைட்டும் 255 ஆக நிரப்பி என் ஃபங்ஷனைச் சோதித்தேன், தேறிவிட்டது. நானும் ஒரு தடவைதான் மடிக்கிறேன். ஆனால் அனுப்பும் கணினியில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் எல்லா பாக்கெட்டுக்கும் செக்சம் தவறு என்கிறதே?

பதில் 4 (முதல் பதிவர்)

வயர்ஷார்க் காட்டுவதை வைத்து பயப்படாதீர்கள். உங்கள் நெட்வொர்க் கார்டே செக்சம் போடுகிற வகையாக இருக்கும். வயர்ஷார்க் அதற்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடுகிறது. பெறும் கணினியில் பிடித்துப் பாருங்கள்.

சோதனைதான் உங்களை ஏமாற்றுகிறது. எல்லாம் 255 என்றால் மொத்தம் 65535-ன் மடங்கு, மேலே சொன்ன அதே கதை. 65535, 65535, 1 என்று மூன்றே துண்டுகள் கொடுங்கள். மொத்தம் 131071, ஒரு தடவை மடித்தால் 65536. அதை 16 பிட்டில் வெட்டினால் 0, ஆனால் வர வேண்டியது 1.