அதிர்வு பிளேடில் இல்லை, புரோப்பின் கண்ணாடியில் இருந்தது

கம்ப்ரஸரை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் ரிக் ஒன்றில், சுழலும் பிளேடுகளின் அதிர்வை ஒளி புரோப் வைத்து அளந்துகொண்டிருந்தோம். பிளேடுகளைச் சுற்றியுள்ள உறையில் (கேசிங்கில்) துளை போட்டு, பிளேடு நுனிகளுக்கு எதிரே நான்கு கோணங்களில் நான்கு புரோப்கள். ஒவ்வொரு புரோப்பிலும் நடுவில் இருக்கும் ஒளியிழை லேசரை அனுப்பும். சுற்றியுள்ள ஆறு இழைகள் நுனியில் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்கிக்கொள்ளும். பிளேடு ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு பல்ஸ். ஆடாத பிளேடு கணக்குப்படி வந்துவிடும், ஆடுகிற பிளேடு கொஞ்சம் முந்தும் அல்லது பிந்தும். அந்த நேர வித்தியாசத்தை நுனியின் வேகத்தால் பெருக்கினால் எவ்வளவு வளைந்தது என்பது கையில் கிடைக்கும். வளைவை அளக்க பிளேடின் மேலேயே ஒட்டும் ஸ்ட்ரெயின் கேஜை நாலைந்து பிளேடுகளில்தான் ஒட்டுவோம். இதில் ஒன்றுகூட விடுபடாது, அதனாலேயே இந்த முறை மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஆனால் நேரம் மிகச் சிறியது. 30 செ.மீ. ஆரமுள்ள ரோட்டர் 12,000 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் நுனியின் வேகம் விநாடிக்கு 377 மீட்டர். 0.1 மி.மீ. வளைவு என்பது கால் மைக்ரோ விநாடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அன்று ஓட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மூன்றாவது புரோப்பில் எல்லா பிளேடுகளும் மொத்தமாகப் பிந்த ஆரம்பித்தன. வளைவு 0.17 மி.மீ. வரை ஏறியது. ரிக்கை நிறுத்தலாமா என்று பேச்சு எழுந்தது. காற்றுச் சுமையில் பிளேடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயும், அது உண்மைதான். அப்படியென்றால் மற்ற மூன்று புரோப்பும் அதையே காட்ட வேண்டுமே?

ஆசிலோஸ்கோப்பில் பல்ஸை நேரடியாகப் பார்த்தேன். உயரம் பழையதில் 60 சதவீதம்தான் இருந்தது. எங்கள் டிரிக்கர், அதாவது பல்ஸ் எட்டியதும் பிளேடு வந்துவிட்டதாக நேரம் குறிக்கும் அளவு, பழைய முழு உயரத்தின் பாதியில் நிலையாக வைக்கப்பட்டிருந்தது. பல்ஸ் குள்ளமானால் அதே அளவை எட்ட, சரிவில் இன்னும் மேலே, பாதிக்குப் பதில் ஆறில் ஐந்து பங்கு வரை, ஏற வேண்டும், அதனால் தாமதம். லேசர் புள்ளி அரை மி.மீ. அகலம், பிளேடு நுனி அதைக் கடக்கும்போதுதான் பல்ஸ் ஏறும், அதில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப்போனால் சரியாக அந்த 0.17 மி.மீ.!

புரோப்பைக் கழற்றினால் கண்ணாடி மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். பேரிங் சீல் கசிந்திருக்கிறது. சீலை மாற்றினோம், கண்ணாடி முன்னால் சுத்தமான காற்று வீசும்படி செய்தோம், அப்புறம் டிரிக்கரை அந்தந்தப் பல்ஸின் சொந்த உயரத்தில் பாதி என்று மாற்றினோம். மறு ஓட்டத்தில், பிளேடுகள் மிக அதிகமாக ஆடும் ஒத்ததிர்வு வேகத்தைக் கடக்கும்போது ஒரே ஒரு பிளேடு மட்டும் அக்கம்பக்கத்தைவிட அதிகமாக ஆடியது. இந்த முறை நான்கு புரோப்பும் அதே பிளேடைத்தான் காட்டின.