உண்ணி, எலி, லைம் நோய்: உங்கள் அனுபவங்கள்

கனெக்டிகட்டிலிருந்து:
உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா நோயான லைமுக்குப் பெயர் தந்த ஊர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. ஜூன் வந்தால் எனக்குக் காட்டில்தான் வேலை. வெள்ளை ஃபிளானல் துணியைக் கோலில் கட்டிப் புதரடியில் இழுத்துப்போவேன். அவ்வப்போது நின்று திருப்பிப் பார்த்தால், கசகசா அளவில் இளம் உண்ணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எலிக்குத் தகரக் கூண்டு. ஓட்ஸும் வேர்க்கடலை வெண்ணெயும் வைத்துவிட்டு வந்தால், காலையில் வெள்ளைக்கால் எலி உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆகஸ்டில் அதன் காது மடலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்; ஓரம் முழுக்க உண்ணிக் குஞ்சுகள், ரத்தம் குடித்து உப்பிப்போய்!

முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் லைம் கிருமி இருப்பதில்லை. முந்தைய ஆண்டுக் குஞ்சுகள் இளம் உண்ணிகளாகி ஜூனில் எலியைக் கடித்துக் கிருமியை ஏற்றுகின்றன. ஆகஸ்டில் வரும் புதுக் குஞ்சுகள் அதே எலியிடமிருந்து அதை வாங்கிக்கொள்கின்றன. இவ்வளவு நடந்தும் எலி நோயாளி போலவே தெரியாது, ஓடியாடித் திரியும்.

காதிலிருந்து ஒரு துணுக்குத் தோலை எடுத்துக்கொண்டு எலியை விட்டுவிடுவோம். அதில் ஓ.எஸ்.பி.சி. என்ற மரபணுவைப் படிக்கும்போதுதான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு புரதத்துக்கான மரபணு அது. வடகிழக்கு அமெரிக்காவில் மட்டும் அதில் ஒரு டஜனுக்கு மேல் வகைகள் உண்டு. ஒரே எலியில், ஏன், ஒரே உண்ணியில்கூடப் பல வகைகள் சேர்ந்திருக்கும். ஒரு வகைக்கு எதிராக எலியின் உடல் தயாராகிவிட்டால் அதே வகை மறுபடி நுழைவது கடினம், அந்நிய வகைக்கோ வழி திறந்தே இருக்கும். அரிதான வகைகள் அழிந்துபோகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், சிப்மங்க் அணில், மூஞ்சூறு என ஒவ்வொரு விலங்கிலும் வெவ்வேறு வகைகள் செழிப்பது. எலியை மட்டும் பிடித்துக் கணக்குப் போடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

மனிதரின் தோலைத் தாண்டி ரத்தத்துக்குப் பரவுபவை ஏ, பி, ஐ, கே ஆகிய நான்கு வகைகளே என்று 1999இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வேறு சில வகைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

ஹட்சன் பள்ளத்தாக்கிலிருந்து:
எனக்கு லைம் இரண்டு முறை வந்தது. முதலில் முழங்காலுக்குப் பின்னால் லைமின் அடையாளமான சிவப்பு வளையம், டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தில் அடங்கியது. பிறகொரு கோடையில் இடுப்பில் வேறொரு வளையம். பழைய கிருமி ஒளிந்திருந்து கிளம்பிவிட்டதென்று வீட்டில் ஒரே கவலை. மருத்துவர் அப்படி நினைக்கவில்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்: இப்படி மறுபடி வளையம் வந்த 17 பேரிடம், இரு தடவையும் எடுத்த கிருமிகளின் ஓ.எஸ்.பி.சி. வகையை ஒப்பிட்டிருக்கிறார்கள். அடுத்தடுத்து வந்த எதிலும் அதே கிருமி இல்லை. எல்லாமே புதுக் கடி. என் கிருமியை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை. ஆனாலும் மேலே எழுதியவர் சொன்ன எலிக் கதையைப் படித்தபோது என் கதையாகவே தோன்றியது.

ஸ்வீடனிலிருந்து:
இங்கே லைம் கிருமியின் வகை மட்டுமல்ல, இனமே வேறு. பொரேலியா அஃப்ஸெலி எலிகளில் வாழ்கிறது, கரினி பறவைகளில். எங்கள் கோடை வீட்டைச் சுற்றியுள்ள உண்ணிகளில் எது இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது. அஃப்ஸெலி பெரும்பாலும் தோலோடு நிற்கும். கரினிக்கு நரம்பு மண்டலத்தின் மேல் கண்.

கலிஃபோர்னியாவிலிருந்து:
வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே என்பார்கள். எங்கள் பக்கத்து வேலி ஓணானை நான் தாராளமாக விட்டுக்கொள்வேன். அதன் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு புரதம், குடிக்கும் உண்ணிக்குள் இருக்கும் லைம் கிருமியையே கொன்றுவிடுகிறது. அப்படியானால் ஓணானை அகற்றினால் நோய் பெருக வேண்டுமே? மரின் கவுண்டியில் சில திட்டுகளிலிருந்து ஓணான்களைப் பிடித்து அகற்றிப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வெளிவந்தது: ஓணான் இல்லாத இடத்தில் பெரும்பாலான உண்ணிக் குஞ்சுகளுக்குக் குடிக்க வேறு விலங்கு கிடைக்கவில்லை. எலிகளிடம் கொஞ்சம் கூடுதலாக ஏறினவே தவிர, அடுத்த ஆண்டு கிருமியுள்ள இளம் உண்ணிகள் கூடவில்லை, குறைந்திருந்தன. கனெக்டிகட் நண்பரே, உங்கள் ஊரில் ஓணானின் இடத்தில் எது இருக்கிறது?